அமீரகத்தின் பாலையிலும் மலையிலும் பறவை பார்க்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்காக ஷார்ஜா வந்த முதல் ஆண்டு, இங்கே புறாவையும் காகத்தையும் தவிர வேறு பறவை இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டாம் ஆண்டு ஜனவரியில் ஒரு சனிக்கிழமை விடியலில், நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்குப் பின்னால் இருந்த காலி மனையில் ஆட்காட்டி கத்தியது. ஊரில் கண்மாய்க் கரையில் கேட்ட அதே குரல். இறங்கிப் போய்ப் பார்த்தேன். எங்கிருந்தோ கசிந்த தண்ணீர் தேங்கி நாணல் முளைத்திருந்த இடத்தில் ஒரு ஜோடி நின்றுகொண்டிருந்தது. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பழக்கம்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் இதுவரை பதிவான பறவை இனங்கள் 450-க்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி வலசை வருபவை. ஆசியாவின் வடபகுதியில் கூடு கட்டிவிட்டு ஆப்பிரிக்காவுக்குப் போகும் பறவைகளின் பாதையில் இந்த நாடு இருக்கிறது. நடுவே மணல், கிழக்கே ஹஜர் மலைத்தொடர், இரண்டு பக்கமும் கடல். காலையில் புறப்பட்டால் ஒரே நாளில் மூன்றையும் தொட்டுவிட்டுத் திரும்பலாம்.

நிலத்தைத் திணையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பறவையைக் கருப்பொருளாகச் சொன்ன மரபு நம்முடையது. பாலைக்குப் பருந்து, கழுகு, எருவை, புறா என்று வைத்தார்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த ஊர் சீக்கிரம் வசப்படும். எந்தத் தரையில் நிற்கிறோம், எந்த மரம் பக்கத்தில் இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு தூரம் என்பது தெரிந்தால், அங்கே என்ன பறவை வரும் என்பதைப் பாதிக்குமேல் சொல்லிவிடலாம். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் அமைத்திருக்கிறேன்.

படி 1: முதல் மாதம் வீட்டருகே

எடுத்தவுடன் பாலைக்குக் காரை விட வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பூங்காவுக்கு நான்கு வாரம், வாரம் ஒரு காலை போங்கள். ஊரில் பார்த்த முகங்களே நிறைய இருக்கும். மைனா, காகம், பச்சைக்கிளி, சின்னத் தவிட்டுப்புறா, ஆட்காட்டி, கௌதாரி, கொண்டலாத்தி, பனங்காடை, ஊதாத் தேன்சிட்டு என்று பத்து இனங்களாவது முதல் நாளே எண்ணிவிடலாம். காகமும் மைனாவும் இந்த மண்ணுக்கு உரியவை அல்ல. இந்தியப் பக்கத்திலிருந்து மனிதர்களோடு வந்து பெருகியவை. செம்புழைக் கொண்டைக்குருவியும் அப்படித்தான். கன்னத்தில் பெரிய வெள்ளைத் திட்டுள்ள வெண்காதுக் கொண்டைக்குருவியை ஊரில் பார்த்திருக்க மாட்டீர்கள். இங்கே வேலியோரப் புதரெல்லாம் அதுதான்.

தெரிந்த பறவைகளோடு தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தெரிந்ததை உற்றுப் பார்த்தால்தான் வேறுபாடு கண்ணில் படும். பஞ்சுருட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பச்சைப் பஞ்சுருட்டானுக்கு வால் நடுவில் கம்பி போல இரண்டு இறகு நீண்டிருக்கும். இங்குள்ளதற்கு அது மிகக் குட்டை. நெற்றியிலும் தொண்டையிலும் நீலம் தூக்கலாக இருக்கும். இப்போது இதை அரேபியப் பச்சைப் பஞ்சுருட்டான் என்று தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள். ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்க காலம் முடிந்ததும் பெண்ணைப் போல மங்கிப்போய், தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சி நிற்கும். அதைப் புது இனம் என்று எழுதிவைத்தவர்கள் பலர்.

படி 2: கையில் என்ன வேண்டும்

8×42 பைனாகுலர், அதாவது 8 மடங்கு பெரிதாக்கும் 42 மில்லிமீட்டர் முன்வில்லைக் கருவி, ஒன்று போதும். 10 மடங்கு பெரிதாக்கும் கருவி கூடுதலாகக் காட்டும் என்று தோன்றும். ஆனால் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். மணல் பரப்பில் வெயில் ஏறியதும் கானல் அலை எழும்பி எல்லாம் நெளியத் தொடங்கும்போது அந்தக் கூடுதல் வலிமையால் பயனும் இல்லை. கேமரா வாங்குவதை ஓர் ஆண்டு தள்ளிப்போடுங்கள் என்பேன். முதல் ஆண்டே கேமராவோடு கிளம்பியவர்கள் பறவை உட்கார்ந்த கிளையைப் பார்ப்பதில்லை, திரையைத்தான் பார்க்கிறார்கள்.

போனில், பறவையை அடையாளம் காட்டும் மெர்லின், பார்த்தவற்றின் பட்டியலைப் பதியும் ஈபேர்ட் இரண்டு செயலிகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். மெர்லினில் இந்தப் பகுதிக்கான தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிட வேண்டும். மலைக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. ஒரு சின்ன நோட்டு, விளிம்பு அகலமான தொப்பி, முழுக்கைச் சட்டை, மூடிய ஷூ. தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர், குளிர்காலமாக இருந்தாலும்.

படி 3: மாதமும் மணியும்

அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் காலம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை குளிர்கால விருந்தாளிகள் தங்கியிருக்கும். மார்ச்சிலும் ஏப்ரலிலும், மறுபடி செப்டம்பர் அக்டோபரிலும் வலசைப் பறவைகள் கடந்துபோகும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அந்த மாதங்களில் புதியவர்கள் பாலைக்குள் நடக்கவே கூடாது.

சூரியன் எழும்போது இடத்தில் இருக்க வேண்டும். ஜனவரியில் அது ஏழு மணி, ஏப்ரலில் ஆறு மணி. முதல் இரண்டரை மணி நேரத்துக்குள் பார்ப்பதைப் பார்த்துவிடலாம். பிறகு பறவைகள் நிழல் தேடி ஒதுங்கிவிடும். வழியில் ஒரு கஃபேட்டேரியாவில் நிறுத்தி கரக் டீயும் பராத்தாவும் வாங்கிக்கொண்டு ஏழரைக்கு மேல் போய்ச் சேருவது எல்லோரும் செய்யும் தவறு. டீயைத் திரும்பும்போது குடிக்கலாம்.

படி 4: மணலைப் படிப்பது

பாலை என்றால் ஒரே மணல் என்ற நினைப்பை முதலில் விட வேண்டும். குறைந்தது மூன்று தரைகள் உள்ளன.

ஒன்று, மணல்மேடு. வெறும் செம்மணல் மேட்டில் பறவை குறைவு. மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில், புல்லும் குத்துச்செடியும் வளர்ந்த இடத்தில் நில்லுங்கள். அதிகாலையில் யாரோ தயங்கித் தயங்கி விசில் அடிப்பது போல, மெல்லத் தொடங்கி இறங்கும் ஒரு குரல் கேட்கும். அதுதான் ஹூப்போ லார்க். கொண்டலாத்தி வானம்பாடி என்று நான் சொல்லிக்கொள்வேன். நடக்கும்போது மணல் நிறத்தில் மறைந்தே போகும். நீண்ட காலும் வளைந்த நீண்ட அலகும் மட்டும் அடையாளம். பிப்ரவரி, மார்ச்சில் ஆண் செங்குத்தாக மேலே எழும்பி, உச்சியில் புரண்டு, கறுப்பு வெள்ளைச் சிறகை விரித்துக்கொண்டு அதே புதர் உச்சிக்கு இறங்கும். நிறமே இல்லாத பறவை என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது அந்தச் சிறகு விரிவதைப் பார்க்க வேண்டும். அமீரகத்தில் ஒரே ஒரு காலை மட்டும்தான் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அவரை இதற்குத்தான் கூட்டிப்போவேன்.

இரண்டு, சரளைக்கல் சமவெளி. தூரத்திலிருந்து பார்த்தால் செத்த நிலம் போலத் தோன்றும். காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். கற்கள் நகரத் தொடங்கும். வானம்பாடிகள், குளிர்காலத்தில் வரும் பாலை வீட்டியர், இசபெல்லைன் வீட்டியர் எல்லாம் இங்கேதான். வீட்டியர்கள் நம் ஊர்க் கருஞ்சிட்டுக்கு உறவுக்காரர்கள். அதே போல நிமிர்ந்து நின்று வாலை அசைக்கும். இவற்றைப் பிரித்தறிய வாலைப் பாருங்கள். பறந்து போகும்போது பிட்டம் வெள்ளையாகத் தெரியும். அதற்குக் கீழே வால் கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பு என்றால் பாலை வீட்டியர். வாலின் நுனிப்பாதி மட்டும் அகலக் கறுப்புப் பட்டை என்றால் இசபெல்லைன். இந்த ஒரு பாடம் பல குளிர்காலங்களுக்கு உதவும்.

கல்கௌதாரிக்கும் இத்தகைய தரைதான் வீடு. தமிழ்நாட்டின் வறண்ட காட்டிலும் இருக்கும் அதே செவ்வயிற்றுக் கல்கௌதாரி. விதை தின்னும் பறவை என்பதால் தண்ணீர் கட்டாயம் வேண்டும். காலை வெயில் ஏறத் தொடங்கியதும் கூட்டமாகக் குட்டைக்குப் பறந்துவரும். ஆண் பறவை வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து, அந்த ஈரத்தைக் குஞ்சுகளுக்குச் சுமந்து போகும். குஞ்சுகள் அப்பாவின் இறகை உறிஞ்சிக் குடிக்கும். ஆகவே குட்டையை ஒட்டி நிற்காதீர்கள். நாம் ஒரு மணி நேரம் நின்றால், எங்கோ சில கிலோமீட்டர் தள்ளி குஞ்சுகளுக்குத் தாகம். நூறு மீட்டர் விலகிக் காருக்குள்ளேயே இருந்து பார்க்கலாம்.

மூன்றாவது தரை, காஃப் மரம் நிற்கும் இடம். இந்த நாட்டின் தேசிய மரம். பெயரைக் கேட்டு அந்நியமாக எண்ண வேண்டாம், இது நம் வன்னி மரமேதான். விருத்தாசலம் கோயிலில் தல மரமாக நிற்கிறதே, அதே இனம். வேரை மிக ஆழத்துக்கு விட்டு, மழையே இல்லாத ஆண்டிலும் பச்சையாக நிற்கும். ஒரு வன்னிக்குக் கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அரேபியச் சிலம்பன் கூட்டம் ஒன்று வந்து சேர வாய்ப்பு அதிகம். நம் தவிட்டுக்குருவியின் பங்காளி. அதே போல ஆறேழு சேர்ந்து, ஒன்று காவலுக்கு மேலே இருக்க, மற்றவை கீழே குப்பையைக் கிளறும். சாம்பல் கீச்சான் உச்சிக் கிளையில் இருக்கும். துபாய்க்குள்ளேயே முஷ்ரிஃப் பூங்கா நல்ல வன்னிக் காடு. அங்கே ஆந்தைகளும் உண்டு. ஆந்தை பகலில் தங்கும் மரத்தைக் கண்டுபிடித்தால் அந்த இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மறுவாரம் இருபது கேமரா வந்து நிற்கும், ஆந்தை போய்விடும்.

மணல் தரைகளுக்குப் புதியவர் போக ஏற்ற இடம் துபாய்க்குத் தெற்கே அல் மர்மூம் காப்பகத்தில் உள்ள அல் குத்ரா. தார்ச்சாலையிலிருந்தே நிறையப் பார்க்கலாம். நவ்வி மானும் ஓரிக்ஸ் என்னும் நீள்கொம்பு மானும் சில நாள் எதிர்ப்படும். 225 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள துபாய் பாலைவனக் காப்பகம் இன்னும் செழுமையானது. ஆனால் அங்கே தனியாக நுழைய முடியாது, அனுமதி பெற்ற சுற்றுலா வண்டியில்தான் போக வேண்டும்.

படி 5: தண்ணீர் தேங்கும் இடம்

இது எளிய படி. அல் குத்ராவின் செயற்கை ஏரிகளில் வாத்துகள், நெடுங்கால் உள்ளான், நாணலுக்கு மேலே தாழப் பறக்கும் சேற்றுப் பூனைப்பருந்து எல்லாம் குளிர்காலத்தில் நிச்சயம். துபாய் நகரின் நடுவே ராஸ் அல் கோர் சரணாலயம். 2007-இல் ராம்சார் இடமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. மறைவிடங்களிலிருந்து பூநாரைகளைச் சாவகாசமாகப் பார்க்கலாம். கட்டணம் இல்லை. கோடியக்கரைக்குப் போய்ப் புள்ளியாகப் பார்த்துவிட்டு வந்த பூநாரையை இங்கே கண் நிறம் தெரியும் அளவு பார்க்கலாம். குழந்தைகளோடு போக இதைவிட நல்ல இடம் இல்லை.

படி 6: மலைக்குப் போவது

ஹஜர் மலை கரடு. மரம் இல்லாத, பழுப்பும் கறுப்புமான பாறை. அதற்குள் ஓடும் காட்டாற்றுப் படுகைகளை வாதி என்பார்கள். வாதியின் அடியில் முள் நிறைந்த சமர் மரமும், நம் இலந்தைக்கு நெருங்கிய சித்ர் மரமும் நிற்கும். மலைப் பறவைகளைப் பார்க்கும் வரிசை இது: முதலில் வாதியின் மரங்கள், அடுத்து பாறைச் சரிவு, கடைசியில் வானம்.

மரங்களில் தேன்சிட்டு, பஞ்சுருட்டான், குளிர்காலக் கதிர்க்குருவிகள். பாறைச் சரிவுக்குப் போனால் முதலில் தட்டுப்படுவது ஹியூம் வீட்டியர். தலை, தொண்டை, முதுகு எல்லாம் எண்ணெய் தடவிய கறுப்பு. வயிறு பளிச்சென்ற வெள்ளை. ஆண்டு முழுக்க இங்கேயே வாழ்வது. மனிதரைக் கண்டு பெரிதாக அஞ்சாது. அடுத்தது பாலை வானம்பாடி. பெயரில் பாலை இருந்தாலும் கல்லும் சரிவும் உள்ள இடத்துப் பறவை. எந்த அடையாளமும் இல்லாததே அதன் அடையாளம். இந்த இனம் பரவியுள்ள நாடுகளில், அந்தந்தப் பாறையின் நிறத்துக்கு ஏற்ப உடல் நிறமும் வெளிர்ந்தோ கறுத்தோ இருக்கும். தண்ணீர்க் கசிவு உள்ள இடத்தில் காலையில் மணல் கௌதாரிகள் சரிவிலிருந்து நடந்தே இறங்கும். இன்னொரு கல்கௌதாரி, லிக்டென்ஸ்டைன் என்பது, அந்தி மயங்கிய பிறகுதான் தண்ணீருக்கு வரும். அதற்காக இருட்டில் வாதிக்குள் காத்திருப்பதை முதல் ஆண்டு செய்ய வேண்டாம்.

முதல் மலைப் பயணத்துக்கு அல் ஐனில் உள்ள ஜெபல் ஹஃபீத்தைத்தான் சொல்வேன். துபாயிலிருந்து ஒன்றரை மணி நேரம். உச்சிக்கு அருகே வரை நல்ல தார்ச்சாலை, சின்னக் காரே போதும். விடியலில் அடிவாரத்தில் உள்ள கிரீன் முபஸ்ஸராவில் தொடங்குங்கள். வெந்நீர் ஊற்றும் புல்வெளியும் உள்ள இடம். கொண்டலாத்தி, வாலாட்டி, முள்மரங்களில் சிலம்பன். எட்டு மணிக்குப் பிறகு மெதுவாக ஏறுங்கள். வளைவுகளில் நிறுத்தக் கூடாது. வண்டி நிறுத்த ஒதுக்கிய இடங்கள் போதுமான அளவு உள்ளன. ஒவ்வொன்றிலும் இறங்கி ஐந்து நிமிடம் பாறையைத் துழாவுங்கள்.

ஒன்பதரை, பத்து மணிக்கு மேலே இருக்க வேண்டும். பாறை சூடாகிக் காற்று மேலெழும்பும் நேரம். அந்தக் காற்றில் ஏறிப் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், வரும். மஞ்சள் முகமும், வெள்ளை உடலும், கறுப்பு ஓரச் சிறகும் ஆப்பு வடிவ வாலும் கொண்ட மஞ்சள்முகப் பாறு. மலை விளிம்பில் நின்றால் பறவை நம் காலுக்குக் கீழே மிதந்து போகும். அதன் முதுகைப் பார்ப்போம். திருக்கழுக்குன்றத்தில் உச்சிப்பொழுதில் இரண்டு கழுகுகள் வந்து பொங்கல் வாங்கிச் சாப்பிடும் என்று கேட்டிருப்பீர்களே, அந்தப் பறவை இதுதான். அங்கே அது வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. உலக அளவில் அழிவை எதிர்நோக்கும் இனம். ஊரில் கதையாகிவிட்ட ஒரு பறவையை வேலை தேடி வந்த நாட்டில் உயிரோடு பார்த்த அன்று, நான் வெகுநேரம் பேசாமல் நின்றேன்.

வடக்கே ராஸ் அல் கைமாவின் ஜெபல் ஜைஸ் 1,900 மீட்டருக்கு மேல் உயரும். குளிர்காலக் காலையில் கம்பளி வேண்டும். அந்த உயரங்களில் சுக்கார் என்னும் கௌதாரி உண்டு. நிலவொளியை உண்டு வாழும் என்று கவிதைகள் பாடிய சகோரம் இதுதான். குரல் கேட்கும், காண்பது கடினம். ஃபுஜைராவில் உள்ள வாதி வுராயா பற்றிப் படித்துவிட்டு அங்கே போகத் திட்டமிடுகிறவர்கள் உண்டு. அது பாதுகாப்புக்காகப் பல ஆண்டுகளாகப் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. போகும் முன் நிலைமையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மலைத்தொடரில் இன்னும் என்னவெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பதற்கு ஓமானி ஆந்தையே சாட்சி. 2013-இல்தான் ஓமான் பகுதி ஹஜர் மலையில், இரவில் பதிவு செய்த குரலை வைத்து அதைக் கண்டறிந்தார்கள்.

படி 7: மலை கடலில் இறங்கும் இடம்

மலையைத் தாண்டிக் கிழக்குக் கரைக்கு இறங்கினால் ஷார்ஜாவைச் சேர்ந்த கல்பா. அலையாத்திக் காடு, நம் பிச்சாவரத்தின் வெண்கண்டல் மரம். அங்கே வெள்ளைக் கழுத்துப்பட்டையும் நீலப்பச்சை முதுகும் உள்ள மீன்கொத்தி ஒன்று வாழ்கிறது. கல்பாயென்சிஸ் என்று இந்த ஊர்ப் பெயரையே சுமக்கும் கிளையினம். உலகில் இந்தப் பகுதியைத் தவிர வேறெங்கும் இல்லை. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். சேற்றில் நண்டு வெளிவரும்போது தாழ்ந்த கிளையில் வந்து உட்காரும். காப்பகம் என்பதால் பார்வையாளர் மையத்தின் வழியாகவே உள்ளே போக வேண்டும்.

படி 8: ஆபத்தும் ஒழுங்கும்

வாதியில் இருக்கும்போது தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கலாம். மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழை அரை மணியில் சுவர் போல வந்துவிடும். மழை அறிவிப்பு இருந்தால் மலைப் பயணத்தை ரத்து செய்யுங்கள். வெள்ளம் ஓடும் வாதிக்குள் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹம் அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் 23 கறுப்புப் புள்ளி, 60 நாள் வண்டி பறிமுதல். 2024 ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பகுதியில் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர் பெய்தது. ஆண்டுக்கு நூறு மில்லிமீட்டரே பெய்யும் நாடு இது.

மணலில் சாதாரண காரை இறக்கக் கூடாது. பறவை பார்க்கத் தொடங்கிய முதல் ஆண்டு நான் ஒரு வானம்பாடிக்காகத் தார்ச்சாலையிலிருந்து இருபது அடி உள்ளே போனேன். சக்கரம் புதைந்துவிட்டது. தண்ணீர் அரை பாட்டில்தான் மிச்சம். அந்த வழியாக வந்த ஒட்டகப் பண்ணைத் தொழிலாளி ஒருவர் கயிறு கட்டி இழுத்துவிடும்போது மணி பதினொன்று. அதற்குப் பிறகு துணைக்கு இன்னொரு வண்டி இல்லாமல் பாலைக்குப் போனதில்லை. போகும் இடத்தின் பெயரை வீட்டில் சொல்லாமலும் கிளம்பியதில்லை.

இன்னும் சில. ராணுவ இடம், அரசுக் கட்டடம், அரண்மனை பக்கம் பைனாகுலரைத் திருப்பாதீர்கள். மலைக் கிராமங்களில் வீட்டு முற்றங்களை நோக்கி லென்ஸைத் தூக்காதீர்கள். அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிடாதீர்கள். பண்ணைக்குள் நுழையும் முன் காவலாளியிடம் சலாம் சொல்லிக் கேளுங்கள். பறவை பார்க்க வந்தோம் என்றால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே கதவைத் திறப்பார்கள். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதை, குறிப்பாகக் கூடு கட்டும் காலத்தில், முற்றிலும் தவிர்க்க வேண்டும். இந்த வெயிலில் ஒரு பறவை வீணாக்கும் ஒவ்வொரு பறத்தலும் அதற்குத் தண்ணீர்ச் செலவு.

முதல் பருவத்துக்கு ஒரு கணக்கு

அக்டோபரில் பூங்கா, நவம்பரில் அல் குத்ரா இரண்டு முறை, டிசம்பரில் ராஸ் அல் கோரும் முஷ்ரிஃபும், ஜனவரியில் ஜெபல் ஹஃபீத், பிப்ரவரி தொடக்கத்தில் கல்பா, கடைசியில் ஹூப்போ லார்க்குக்காக மறுபடி மணல். ஒவ்வொரு பயணத்தின் பட்டியலையும் அன்றைக்கே ஈபேர்டில் ஏற்றிவிடுங்கள். இங்கே வழக்கமாகப் பறவை பார்ப்பவர்கள் குறைவு. அதனால் உங்கள் பட்டியல் உண்மையிலேயே பயன்படும்.

மார்ச் கடைசியில் முதல் படியில் பார்த்த வீட்டருகே பூங்காவுக்கே திரும்பி வாருங்கள். அக்டோபரில் பத்து இனம் எண்ணிய இடத்தில் வழிப்போக்கர்கள் நிறைந்திருப்பார்கள். புல்தரையில் ஏழெட்டுக் கொண்டலாத்திகள், வேலிக்கம்பியில் வெள்ளையும் கறுப்புமான வீட்டியர், மேலே வடக்கு நோக்கிக் குரல் கொடுத்துக்கொண்டே போகும் பஞ்சுருட்டான் கூட்டம். எந்த மரம், எத்தனை மணி, என்ன தேதி என்று நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு அதே வாரம் அதே மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள்.